மீன் வாங்கி வந்த பாட்டு

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் தாமலைத் தாண்டிப் போகும் சுற்றுலா வேன்களில் ஏதாவது ஒன்றிலாவது கடைசி சீட்டுக்காரர்கள் கைதட்டிச் ‘சுராங்கனி’ பாடிக்கொண்டிருப்பார்கள். சுருதி சேராதவருக்கும் அந்தப் பல்லவி வாயில் நிற்கும். அது சிங்களம் என்று சிலருக்குத் தெரியும். அர்த்தம் என்ன என்று கேட்டுவிட்டால் வேனே சத்தம் அடங்கிவிடும். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்திருக்கிறேன் என்கிறான் ஒருவன். ‘மாலு’ என்றால் சிங்களத்தில் மீன்.

சிங்களப் பல்லவியைத் தமிழ்ச் சரணங்களோடு கோத்துப் பாடி அதைக் கடல் கடக்கவைத்தவர் ஏ. ஈ. மனோகரன். இலங்கைத் தமிழர்; ‘பொப்பிசைச் சக்கரவர்த்தி’ என்று கொண்டாடப்பட்டவர். 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் குரலில் ‘சுராங்கனி’ ஒலித்தபோது தமிழ்நாடு ஆடித் தீர்த்தது. அதே 1977 ஆகஸ்டில் இலங்கையில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் வீடிழந்து அகதிகளானார்கள். பாட்டு இந்தப் பக்கம் வந்து சேர்ந்த நேரம் அப்படி.

பாட்டுக்கு வழி போட்டுவைத்தது ரேடியோ. 1952இல் பி. வி. கேஸ்கர் மத்திய அமைச்சராகி, அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஓரங்கட்டியபோது, தமிழ்நாட்டுக் காதுகள் கொழும்பு வானொலியின் பக்கம் திரும்பின. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களின் பெயர்கள் இங்கே சினிமா நட்சத்திரங்களின் பெயர்களைப் போலப் புழங்கின. காஞ்சிபுரம் வட்டாரத்துக் குழித்தறி வீடுகளில் கை நாடாவோடும் கால் மிதியோடும் கட்டுண்டு கிடக்கும். காது மட்டும்தான் சும்மா இருக்கும். அந்தத் தலைமுறைக்கு இலங்கை என்பது முதலில் ஒரு குரல்.

இலங்கையில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளின் காதில் இன்னொன்றும் விழுந்தது: பைலா. போர்த்துக்கீசியர் விட்டுப்போன மெட்டும், அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் தாளமும், பறங்கியர் வீட்டுக் கொண்டாட்டமும் கலந்து உருண்டு திரண்ட ஆட்டப்பாட்டு. அதைச் சிங்களத்தில் மேடையேற்றிய வாலி பஸ்தியன்ஸ் ஒரு போலீஸ்காரர். எந்த இனத்துக்கும் பட்டா போட்டுக் கொடுக்க முடியாத இசை. தமிழ் இளைஞர்கள் கித்தாரோடு அதைக் கையில் எடுத்துப் பொப்பிசையாக்கியதில் வியப்பில்லை. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யில் அந்தத் துள்ளலின் மேல் யாழ்ப்பாணத்துப் பேச்சு அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. பெரியவர்கள் முகம் சுளித்திருப்பார்கள். கல்யாண வீடுகள் சுளிக்கவில்லை.

ஆனால் துள்ளிக்கொண்டிருந்த பிள்ளைகளின் காலடியில் தரை நகர்ந்துகொண்டிருந்தது. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி. 1958இல் கலவரம். 1971இல் பல்கலைக்கழக அனுமதிக்கான மதிப்பெண் மொழிக்கு மொழி வேறுபட்டது: மருத்துவத்துக்குச் சிங்கள வழி மாணவருக்கு 229 போதும், தமிழ் வழி மாணவருக்கு 250 வேண்டும். 1970களில் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. அதில் ஒரு வேடிக்கை. வெளிச் சரக்கு குறைந்ததும் உள்ளூர் எழுத்துக்கும் சினிமாவுக்கும் பாட்டுக்கும் மவுசு கூடியது. பொப்பிசை கொடிகட்டிப் பறந்ததும் அதே ஆண்டுகளில்தான். பைலாத் துள்ளலுக்குத் தமிழில் ஆடிவிட்டு, மறுநாள் காலையில் மதிப்பெண் பட்டியல் பார்க்கப் போனது ஒரு தலைமுறை.

போக்குவரத்து ஒருவழிப் பாதையாகவும் இல்லை. 1947இல் வெளியான முதல் சிங்களப் பேசும்படம் ‘கடவுனு பொரொந்துவ’ உருவானது தமிழ்நாட்டில், தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். அதன் நாயகி ருக்மணி தேவி, டெய்சி ராசம்மா என்ற பெயரோடு பிறந்தவர். சிங்கள ரசிகர்கள் அவரைத் தங்கள் குயிலாகவே வைத்துக்கொண்டார்கள். ஆர். முத்துசாமியும் எம். ராக்சாமியும் சிங்களப் படங்களுக்கு மெட்டுப் போட்டார்கள். சினிமாக் கொட்டகைகளில் விசிலடித்த சிங்கள இளைஞன் இசையமைப்பாளரின் ஊரைக் கேட்கவில்லை.

1983 ஜூலையில் கேட்டார்கள். கொழும்புக்குப் பக்கத்தில் ஹெந்தலையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவைக் கொளுத்தினார்கள். அவர் தமிழர் என்பதே காரணம். உள்ளே எரிந்தவற்றில் சிங்களப் படங்களின் நெகட்டிவ்களும் இருந்தன. கொளுத்தியவர்களுடைய அப்பா அம்மா கைதட்டிப் பார்த்த பாட்டுகளும் அவற்றோடு போயிருக்கும்.

இந்தக் கரையிலும் காதின் கணக்கு ஒன்று, மனத்தின் கணக்கு ஒன்று. இலங்கையில் நடந்த இறுதிப் போருக்குப் பின் தமிழ்நாட்டின் கோபம் மைதானம் வரை வந்து, 2013 ஐபிஎல்லில் இலங்கை வீரர்கள் சென்னையில் ஆட முடியாமல் போனது. அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனாலும் ‘சுராங்கனி’யை யாரும் தடை செய்யச் சொல்லவில்லை. அது எப்போதோ சிங்களப் பாட்டாக இருப்பதை நிறுத்திவிட்டு, டூர் பாட்டாகிவிட்டிருந்தது. 2021இல் இலங்கைப் பாடகி யொஹானியின் ‘மெனிகே மகே ஹிதே’ வந்தபோது கைபேசிப் பிள்ளைகள் அதையும் அதே சுலபத்தோடு முணுமுணுத்தார்கள். அவர்கள் பிறக்கும் முன்பே எரிந்தது ஹெந்தலை.

நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். மனோகரன் சென்னைக்கு வந்து தமிழ்ப் படங்களில் நடித்தார்; 2018 ஜனவரி 22 அன்று இங்கேயே காலமானார். அவர் நடித்த படங்களின் பெயரைக் கேட்டால் பலர் தலையைச் சொறிவார்கள். பாட்டை ஆரம்பித்தால் போதும், மீன் எதற்கு என்று தெரியாதவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.