மின்புலத்தை ஏமாற்றும் மாயப் போர்வை!

மாயாஜாலக் கதையில் மந்திரப் போர்வையைப் போர்த்திக்கொண்ட ராஜகுமாரன் சட்டென்று மறைந்துவிடுவான் அல்லவா? மந்திரமே இல்லாமல் அப்படி ஒரு போர்வையை விஞ்ஞானிகள் செய்திருக்கிறார்கள். ஆனால், அது பொருளை மறைப்பது நம் கண்ணிடமிருந்து அல்ல, மின்புலத்திடமிருந்து!

மின்புலம் என்றால் என்ன? எண்ணெய் தடவாத, உலர்ந்த தலையை பிளாஸ்டிக் சீப்பால் நன்றாக வாருங்கள். சீப்பைச் சிறு காகிதத் துண்டுகளின் அருகே கொண்டுபோங்கள். தொடாமலேயே காகிதம் துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும். மின்னேற்றம் பெற்ற சீப்பைச் சுற்றி, அதன் விசை எட்டும் இடமே மின்புலம்.

இப்போது காகிதத் துண்டுகளை எவர்சில்வர் சல்லடையால் மூடி, அதைக் கையால் பிடித்துக்கொண்டு, மேலே சீப்பைக் காட்டுங்கள். காகிதம் அசையாது! உலோகம் மின்புலத்தை உள்ளே விடவில்லை. 1836ஆம் ஆண்டு மைக்கேல் பாரடே என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 12 அடிக் கூண்டு ஒன்றை அமைத்து, அதன்மேல் உலோகத்தைப் போர்த்தி, உள்ளே போய் இருந்துகொண்டார். வெளியே தீப்பொறி பறக்க மின்னேற்றியும், உள்ளே இருந்த கருவிகள் எதையும் காட்டவில்லை.

ஆனால், ஒரு குறை! கண்ணாமூச்சி ஆட்டத்தில் போர்வைக்குள் ஒளிந்தவனின் கதைதான் இது. ஆள் தெரியாது, போர்வை மேடு காட்டிக் கொடுத்துவிடும். கூண்டும் அப்படித்தான். வெளியே உள்ள மின்புலத்தை அது கலைத்துவிடுகிறது. அதை அளந்தாலே, 'இங்கே ஏதோ இருக்கிறது' என்று தெரிந்துவிடும்.

சுவடே இல்லாமல் மறைப்பது எப்படி? ஓடையில் கிடக்கும் கல்லைப் பாருங்கள். தண்ணீர் இரண்டாகப் பிரிந்து கல்லைச் சுற்றிப் போய் மறுபடி சேர்ந்துவிடுகிறது. சற்றுத் தள்ளிப் பார்த்தால் கல் இருந்ததே தெரியாது. மின்புலத்தையும் இப்படி வளைத்துவிடலாம் என்று லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜான் பெண்ட்ரி கணக்குப் போட்டுக் காட்டினார்.

2006இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்மித் குழுவினர் அதைச் செய்தே காட்டினார்கள். சின்னஞ்சிறு செப்பு வடிவங்கள் பதித்த 10 வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, நடுவில் ஒரு செப்பு உருளையை மறைத்தார்கள். பிறகு மைக்ரோ அலையைச் செலுத்தினார்கள். மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து அதிரும் அலை இது. அது வளையங்களின் வழியே வளைந்து சென்று, மறுபுறம் ஏறக்குறைய பழையபடியே சேர்ந்துகொண்டது!

ரகசியம் செம்பில் இல்லை; அதை அமைத்த விதத்தில் இருக்கிறது. மாவு ஒன்றுதான், புள்ளியும் இழையும் மாறினால் கோலமே மாறுகிறதல்லவா? இத்தகைய பொருள்களுக்கு 'மெட்டாமெட்டீரியல்' என்று பெயர். 2012இல் சீன விஞ்ஞானிகள் மின்தடைகளை வலை போலப் பின்னி, அதிராத, நிலையான மின்புலத்திடமிருந்தும் மறைத்துக் காட்டினார்கள்.

இன்னும் முழு வெற்றி கிடைக்கவில்லை. 2006ஆம் ஆண்டுப் போர்வை ஒரே வகை அலைக்குத்தான் உதவியது. லேசான நிழலும் விழுந்தது. ஒளி அலைகளோ மிக மிகச் சிறியவை. ஆளையே கண்ணுக்குத் தெரியாமல் மறைக்க வேண்டுமானால், அவற்றைவிடச் சிறிய 'கோலம்' போட வேண்டும். அதைப் போடப்போவது உங்களில் ஒருவராகக்கூட இருக்கலாமே! முதலில் சீப்பையும் சல்லடையையும் எடுங்கள், பார்க்கலாம்!