நாட்டு மீனுக்கு ஒரு படம்: ஊர் கூடினால் எடுக்கலாம்



நெல்லுக்கு உரம், கடலைக்கு ஜிப்சம் என்று பேசுகிற ஆள் இன்றைக்கு மீனையும் படத்தையும் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நினைக்க வேண்டாம். இரண்டும் நம்ம கண்மாய் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, "மீன் குஞ்சு விடுவதற்கு முன்னால் களை மீன்களை ஒழித்துவிடுங்கள்" என்று சொல்வேன். ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு 2,500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு என்று கணக்கும் எழுதிக் கொடுப்பேன். களை மீன் என்று நான் பட்டியல் போட்டது எவற்றை? விரால், குரவை, கெளுத்தி, உளுவை, ஆரால், அயிரை! வளர்ப்புக் குட்டைக்கு அந்த முறை சரிதான். விராலை உள்ளே விட்டு வைத்தால் கெண்டைக் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். ஆனால் குட்டைக்குச் சொன்ன வைத்தியத்தை ஊர்க் கண்மாய்க்கும் சேர்த்துச் சொன்னேன் பாருங்கள், அங்கேதான் பிசகிவிட்டது.

சில வருஷம் கழித்து அந்த ஊர்களில் ஒன்றுக்குப் போனேன். கரையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "ஆபீசர் தம்பி, மகள் பிள்ளை பெத்து வந்திருக்கா. அயிரை வாங்க டவுனுக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கு. எங்க கண்மாய் மீனை எங்கப்பா கொண்டுபோய் வச்சீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

நாட்டு மீன் குறைந்ததற்குப் புண்ணாக்கு மட்டும் காரணமில்லை. 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, அதாவது ஜிலேபி கெண்டை, வருஷத்தில் பல தடவை இனம் பெருக்கிக் கண்மாயை அடைத்துக்கொண்டது. வளர்க்கக் கூடாது என்று தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி வெள்ளத்தில் தப்பி வந்து, கண்டதையெல்லாம் விழுங்குகிறது. தூர் வாரும்போது கண்மாயைத் தட்டுப் போல ஒரே மட்டமாக வழித்துவிடுகிறோம். கோடையில் தாய் மீன் ஒதுங்க ஒரு பள்ளம்கூட மிஞ்சுவதில்லை. வயலில் அடித்த பூச்சிமருந்தும் மழைத் தண்ணீரோடு போய்ச் சேருகிறது.

சரி, நாட்டு மீன் திரும்பி வந்தால் நமக்கு என்ன லாபம்?

கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் வடநாட்டுப் பெரிய ஆறுகளின் மீன்கள். தேங்கிய தண்ணீரில் அவை தாமாக முட்டையிடுவதில்லை. 1957-இல் ஹிராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி, ஊசி போட்டு இவ்வகைக் கெண்டைகளை முட்டையிட வைத்துக் காட்டிய பிறகுதான் குஞ்சு தாராளமாகக் கிடைத்தது. அதனால் நிறையப் பேர் பிழைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் காசு கொடுத்துக் குஞ்சு வாங்க வேண்டும். விராலும் கெளுத்தியும் அயிரையும் அப்படியல்ல. தாய் மீனும் தண்ணீரும் இருந்தால் நம்ம கண்மாயிலும் வயலிலுமே பெருகிக்கொள்ளும். விரால் மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். ஆகவே உயிரோடு சந்தைக்குப் போகும், நல்ல விலையும் கிடைக்கும்.

இதைக் கூட்டம் போட்டுச் சொன்னால் தலையாட்டுகிறார்கள், வீட்டுக்குப் போகிறார்கள். அப்போதுதான் எங்கள் வட்டாரத்தில் மூன்று இளைஞர்கள், "சார், இதை ஒரு படமாக எடுத்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டலாம்" என்று வந்தார்கள். ரசீதுப் புத்தகம் அடித்து வீடு வீடாகப் போனார்கள். "மீனுக்கு சினிமாவா? யார் வீட்டுக் காசுடா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மீன்பாசிக் குத்தகைக்காரருக்கோ, படம் வந்தால் தம் குத்தகை போய்விடுமோ என்று பயம்.

அவர்களுக்கு நான் சொன்ன இரண்டு செய்திகளை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒன்று, குஜராத் செய்தி. அங்கே 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்து, ஷியாம் பெனகல் இயக்கத்தில் 'மந்தன்' என்ற படத்தை எடுத்தார்கள். 1976-இல் அது வெளிவந்தபோது, 'நம்ம படம்' என்று லாரி லாரியாகப் போய்ப் பார்த்தார்கள். பால் கூட்டுறவைப் பற்றிய படம் அது. 2024-இல் புதுப்பிக்கப்பட்டு, பிரான்சில் கான் திரைப்பட விழாவிலும் காட்டப்பட்டது. இரண்டாவது, கேரளச் செய்தி. ஜான் ஆபிரகாமும் அவரது ஒடேசா குழுவினரும் ஊர் ஊராக நல்ல படங்களைத் திரையிட்டு, மக்களிடம் சிறு தொகையாகச் சேர்த்து, 1986-இல் 'அம்மா அறியான்' என்ற படத்தை முடித்தார்கள். இவர்கள் முதலில் காட்டினார்கள், பிறகு கேட்டார்கள். நம்ம பையன்கள் காட்டாமலே கேட்டுவிட்டார்கள்!

ஐப்பசி மழையில் அவர்கள் மறுபடி இறங்கினார்கள். ஒரு விரால் தன் குஞ்சுகளைக் காவல் காத்துத் திரிவதைக் கரையோரம் படுத்துக் கிடந்து படம் பிடித்தார்கள். செந்நிறக் குஞ்சுகள் தீப்பொறி சிதறியது போலத் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வந்து போகின்றன. அடியில் தாய் தகப்பன் காவல். பக்கத்தில் வந்த தவளையை விரால் பாய்ந்து விரட்டுகிறது. இந்த ஐந்து நிமிஷப் படத்தை மந்தையில் வேட்டி கட்டிப் போட்டுக் காட்டினார்கள். முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்தார். "நாங்க குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்தா, அடியில பெரிசு இருக்குன்னு தூண்டிலைப் போட்டுருவோம். பெரிசைப் பிடிச்சுட்டா இத்தனையும் போயிரும்ல?" என்றார். அன்றைக்குத்தான் ரசீதுப் புத்தகம் நகர்ந்தது. 10 ரூபாய், 20 ரூபாய் என்றுதான் வந்தது. ஆனால் பாதி ஊர் கொடுத்தது.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு முயற்சி வந்தால், கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, படத்துக்கு ஒரு முழு வருஷம் வேண்டும். கலுங்கு பாயும்போது மீன் எதிரேறுவது, வயலில் குஞ்சு மேய்வது, பங்குனி சித்திரையில் தண்ணீர் வற்றி ஊத்தாவும் கச்சாவுமாக ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழா, எல்லாம் வர வேண்டும். திலேப்பியா மட்டுமே விழுந்த வலையையும் காட்ட வேண்டும். நல்லதை மட்டும் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது, பணம். ஒரே ஆளிடம் பெரிய தொகை வாங்காதீர்கள். அப்புறம் படம் அவர் படமாகிவிடும். பல பேரிடம் சிறுகச் சிறுக வாங்கி, வரவு செலவை மாதா மாதம் பஞ்சாயத்துப் பலகையில் எழுதிப் போடுங்கள். பணம் இல்லாதவர்கள் சாப்பாடு போடலாம், பரிசல் தரலாம், பழைய மீன்களின் பெயரும் அடையாளமும் சொல்லலாம். அதுவும் ஆதரவுதான்.

மூன்றாவது, படத்தோடு கண்மாயிலும் வேலை நடக்க வேண்டும். தூர் வாரும்போது, கரையை விட்டுத் தள்ளி, கோடையிலும் தண்ணீர் நிற்கிற மாதிரி ஒரு பள்ளம் விடச் சொல்லுங்கள். புதுத் தண்ணீரில் எதிரேறும் மீனைக் கலுங்கில் வலை கட்டி மறிக்காதீர்கள். வெடியும் நஞ்சும் போட்டு மீன் பிடிப்பதை 1897-ஆம் வருஷச் சட்டமே தடுத்திருக்கிறது. பக்கத்துக் கண்மாயில் நாட்டு மீன் மிஞ்சியிருந்தால், மீன்வளத் துறையினரைக் கலந்துகொண்டு, அங்கிருந்து தாய் மீன் கொண்டுவந்து விடலாம்.

நான்காவது, குத்தகைக்காரரை எதிரியாக்காதீர்கள். அவரும் கடன் வாங்கித்தான் ஏலம் எடுத்திருப்பார். எங்கள் பையன்கள் அவரையும் மந்தைக்கு அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பள்ளத்தில் மட்டும் இந்தக் கோடையில் வலை போடுவதில்லை என்று அவரே சம்மதித்திருக்கிறார். அடுத்த ஏலத்தில் அதையே ஒரு நிபந்தனையாக எழுத ஊரில் பேச்சு நடக்கிறது.

படம் இன்னும் முடியவில்லை. திருவிழாக் காட்சி பாக்கி இருக்கிறது. பாட்டியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். படத்தில் அயிரை வந்தால் போதாது தம்பி, சட்டிக்கு வரணும் என்கிறார். அவர் சொல்வது நியாயம்தான். அதற்கு இரண்டு மூன்று நல்ல மழையும் ஊர்க் கட்டுப்பாடும் வேண்டும். உங்கள் கண்மாயில் முன்பு என்னென்ன மீன் இருந்தது என்று இன்று இரவே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வேலை அங்கேயிருந்துதான் தொடங்குகிறது.