மஞ்சள் பூக்கும் சுவர்

பெரணமல்லூர், ஆரணி வட்டாரத்தில் பழைய பட்டுச் சாயப்பட்டறைக் கட்டடம் ஒன்று விலைக்கு வந்தால், வாங்குகிறவர் முதலில் வில்லங்கச் சான்று எடுப்பார். முப்பது வருஷத்துக் கைமாற்றமும் அடமானமும் அதில் வந்துவிடும். உள்ளே என்ன காய்ச்சினார்கள், கழிவுநீரை எந்தப் பக்கம் விட்டார்கள் என்பது வராது. அது மண்ணில்தான் பதிவாகியிருக்கும்.

மண் அதை எத்தனை காலம் வைத்திருக்கும் என்று பார்க்க, ஆரணிக்கு வடக்கே ராணிப்பேட்டைக்குப் போக வேண்டும். தோல் பதனிடும் தொழிலுக்குக் குரோமிய உப்புகள் செய்துகொடுத்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. வளாகத்தில் விட்டுச்சென்ற கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் மேல். 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது ராணிப்பேட்டையும் அதில் இருந்தது.

இந்த உப்புகளைச் செய்ய, குரோமைட் தாதுவைச் சலவைச் சோடாவோடு சேர்த்து ஆயிரம் டிகிரிக்கு மேல் வறுத்து, தண்ணீர் விட்டுக் கரைத்து எடுப்பார்கள். கரையாமல் தங்கும் சக்கையிலும் கொஞ்சம் குரோமேட் ஒட்டியிருக்கும். மழைக்கு மழை அது கசியும். குரோமியத்தின் குணம் இங்கேதான் வியப்பூட்டுகிறது. மூன்றாம் நிலைக் குரோமியம் சாது. சாதாரண மண்ணில் படிந்து கிடந்த இடத்திலேயே கிடக்கும். அதே உலோகம் மூன்று எலக்ட்ரான்களை இழந்து ஆறாம் நிலைக்குப் போனால் புற்றுநோய் தரும் நஞ்சு. அப்போது அது எதிர்மின் சுமை கொண்ட குரோமேட்டாகிவிடும். களிமண் துகளும் எதிர்மின் சுமை கொண்டதால் அதைப் பிடித்து நிறுத்தாது. நிலத்தடி நீரோடு போய்க்கொண்டே இருக்கும்.

கோடையில் இந்தப் பயணம் மேல்நோக்கித் திரும்பும். தரையும் சுவரும் அடியிலுள்ள ஈரத்தை உறிஞ்ச, தண்ணீர் ஆவியாகி, கரைந்திருந்தது மேலே தங்கும். நம் வீட்டுச் சுவரில் வெள்ளையாக உப்பு பூப்பதும் இப்படித்தான். குரோமேட் இருந்தால் பூப்பது மஞ்சள். குரோமேட் கழிவைப் பள்ளம் நிரப்பப் பயன்படுத்திய அமெரிக்காவின் நியூஜெர்சியில், அதன் மேல் கட்டிய கட்டடங்களின் சுவர்களில் மஞ்சளும் பச்சையுமாகப் படிகங்கள் வெளிவந்தன.

பட்டுச் சாயப்பட்டறை இந்த அளவுக்குப் போகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால்பங்கு செரிசின் என்னும் பசை. சோப்பும் சோடாவும் போட்டு அவித்து அதை நீக்கும் தண்ணீர் நாறும், ஆனால் நாளடைவில் மட்கிவிடும். சாயங்களில் சிலவற்றில் குரோமியம் உண்டு. அது பெரும்பாலும் மூன்றாம் நிலையில்தான் இருக்கும். எனக்குக் கவலை, அந்த இடத்தில் அதற்கு முன்னால் வேறென்ன நடந்தது, பள்ளத்தை எந்த மண்ணால் நிரப்பினார்கள் என்பதில்தான்.

அங்கே வேலை செய்த வயதானவர்களிடம் தண்ணீர் விட்ட திசையைக் கேட்டு, அந்தப் பக்கத்துக் கிணற்று நீரைச் சோதிக்கக் கொடுங்கள். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. ஆறாம் நிலைக் குரோமியத்தைத் தனியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டும். மாதிரியைக் குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். தாமதமானால் பாட்டிலுக்குள்ளேயே அது மூன்றாம் நிலைக்கு மாறி, தண்ணீரில் நஞ்சில்லை என்று சீட்டு வந்துவிடக்கூடும்.