நூறு வரை ஒப்பிக்கத் தெரியும்... எண்ணத் தெரியுமா?

குட்டீஸ்! உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ படிக்கிற தம்பி, தங்கை இருக்கிறார்களா? "ஒன்று, இரண்டு சொல்லு பார்க்கலாம்" என்று கேட்டுப் பாருங்கள். எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி நூறு வரை நிற்காமல் ஓடும். கேட்கிற மாமாவும் அத்தையும் கைதட்டுவார்கள்.

சரி, இப்போது இரண்டு கைப்பிடி புளியங்கொட்டையைத் தரையில் கொட்டுங்கள். "இதிலிருந்து 17 எடுத்துக் கொடு" என்று கேளுங்கள். இங்கேதான் சில ரயில்கள் தடம் புரளும்! வாய் ஒரு வேகத்தில் ஓடும், விரல் இன்னொரு வேகத்தில் ஓடும். ஒரே கொட்டையை இரண்டு முறை எண்ணுவார்கள், அல்லது இரண்டு கொட்டைக்கு ஓர் எண் சொல்வார்கள்.

சிரிக்காதீர்கள். ஒப்பிப்பதற்கும் எண்ணுவதற்கும் நடுவில் ஒரு பாலம் இருக்கிறது. சின்ன வகுப்புக் கணக்குப் பாடத்தின் முதல் வேலையே குழந்தையை அந்தப் பாலத்தைக் கடக்க வைப்பதுதான். கடக்காமல் மேலே போகிற பிள்ளைக்கு நான்காம் வகுப்பில் வகுத்தல் புரியாது. ஆறாம் வகுப்பில் பின்னம் பூச்சாண்டி காட்டும். கடைசியில் "எனக்குக் கணக்கு வராது" என்று தானே முடிவு கட்டிவிடும். பாவம் இல்லையா?

அந்தப் பாலத்துக்கு எத்தனை படி? செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு கணக்குச் சுற்றுலா போய் எண்ணிப் பார்க்கலாம், வாருங்கள்!

ஆறு பேர், ஐந்து ரதம்!

முதல் நிறுத்தம் மாமல்லபுரம். அங்கே பல்லவர்கள் பாறையைக் குடைந்து செதுக்கிய ஐந்து ரதங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாண்டவர் ஐந்து பேர். திரௌபதியைச் சேர்த்தால் ஆறு பேர். ஆறு பேரின் பெயரும் அந்த ரதங்களுக்கு இருக்கிறது. ஆனால், ரதம் ஐந்துதான். எப்படி?

தர்மருக்கு ஒன்று, பீமனுக்கு ஒன்று, அர்ஜுனனுக்கு ஒன்று, திரௌபதிக்கு ஒன்று. நகுலனும் சகாதேவனும் மட்டும் ஒரே ரதத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்! (இந்தப் பெயர்களெல்லாம் மக்கள் பிற்காலத்தில் வைத்தவை.)

"ஆளுக்கு ஒன்று" என்று ஜோடி சேர்த்துப் பார்க்கிறோமே, அதுதான் கணக்கின் முதல் படி. பள்ளிக்கூடம் போகும் முன்பே குழந்தை இதைப் பழக வேண்டும். வீட்டில் ஐந்து பேர் என்றால் ஐந்து தட்டு எடுத்து வைப்பது, அங்கன்வாடியில் ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுப்பது எல்லாமே கணக்குப் பாடம்தான். ஒன்றாம் வகுப்புக்கு வரும்போது 10 வரை எண்களை அடையாளம் கண்டு, வரிசையாக அடுக்கத் தெரிந்தால் போதும்.

ஒரே செஸ் போர்டில் மூன்று வகுப்பு

அடுத்த நிறுத்தம் பக்கத்தில் இருக்கும் பூஞ்சேரி. 2022 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 44-வது செஸ் ஒலிம்பியாட் போட்டி நடந்த இடம். வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' நினைவிருக்கிறதா?

அதற்கு ஓராண்டு முன்பு, 2021 ஜூலையில், இந்திய அரசு 'நிபுண் பாரத்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. எந்த வகுப்பு முடியும்போது குழந்தைக்கு எவ்வளவு கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் வரையறுத்தார்கள். அதை ஒரே ஒரு செஸ் போர்டை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

ஒன்றாம் வகுப்பு: 99 வரை எண்களைப் படித்து எழுத வேண்டும். எளிய கூட்டல், கழித்தல் செய்ய வேண்டும். வெள்ளைப் பக்கம் சிப்பாய்கள் 8, மற்ற காய்கள் 8. மொத்தம் எத்தனை? 16 என்று சொல்லிவிட்டால் பாஸ்!

இரண்டாம் வகுப்பு: 999 வரை எண்களைப் படித்து எழுத வேண்டும். 99 வரை உள்ள எண்களில் கழித்தல் செய்ய வேண்டும். போர்டில் கட்டங்கள் 64. ஆட்டம் தொடங்கும்போது காய்கள் 32. காலிக் கட்டம் எத்தனை? இன்னொன்று: ஒலிம்பியாட்டின் பொதுப் பிரிவில் 188 அணிகள், பெண்கள் பிரிவில் 162 அணிகள் ஆடின. இந்த இரண்டு எண்ணையும் படித்து, எது பெரியது என்று சொல்ல வேண்டும்.

மூன்றாம் வகுப்பு: 9999 வரை எண்களைப் படித்து எழுத வேண்டும். எளிய பெருக்கல் செய்ய வேண்டும். 64 கட்டத்தையும் விரல் வைத்து எண்ணாமல், "ஒரு வரிசையில் 8, மொத்தம் 8 வரிசை, அப்படியானால் 64" என்று சொல்ல வேண்டும். கோவளம் பக்கம் மீனைக் கூறு போட்டு விற்பதைப் பாருங்கள். கூறுக்கு 5 மீன் என்றால் 4 கூறில் எத்தனை? அதுவும் அதே பெருக்கல்தான்.

அவ்வளவுதானா என்று தோன்றுகிறதா? உங்களுக்கு இது ஜுஜுபி. ஆனால், எட்டு வயதுக்குள் இவ்வளவு உறுதியாகத் தெரிந்துவிட்டால், அதற்கு மேல் எந்த மாடியும் கட்டலாம்.

47-க்கும் 74-க்கும் சண்டை

இந்தப் படிகளில் பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 47-ம் 74-ம்! இரண்டிலும் அதே 4, அதே 7. எது பெரியது என்று கேட்டால் சின்னக் குழந்தைகள் திருதிருவென்று விழிப்பார்கள்.

இதற்கு நம் பழைய தமிழ் எண்களிடம் நல்ல மருந்து இருக்கிறது. தமிழில் பத்துக்கு என்றே தனி எழுத்து உண்டு: ௰. அதனால் 47-ஐ ௪௰௭ என்று எழுதுவார்கள். அதாவது நான்கு பத்து, ஏழு. 74 என்றால் ௭௰௪. ஏழு பத்து, நான்கு. எழுத்திலேயே விடை தெரிகிறது பாருங்கள்! நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲.

எண்களின் பெயர்களும் அப்படித்தான். இருபது என்றால் இரு பத்து. ஐம்பது என்றால் ஐந்து பத்து. இதைச் சொல்லிக் கொடுத்தால் குழந்தைகள் டக்கென்று பிடித்துக்கொள்வார்கள். ஆனால் எண்பதுக்கு அப்புறம் ஒரு குட்டிக் குழப்பம். ஒன்பது பத்துக்குத் தொண்ணூறு என்று பெயர், அதில் 'நூறு' ஒலிக்கிறது. ஒன்பது நூறுக்குத் தொள்ளாயிரம் என்று பெயர், அதில் 'ஆயிரம்' ஒலிக்கிறது! எண்பத்தொன்பதுக்கு அப்புறம் தம்பி தடுமாறினால் திட்டாதீர்கள். அவன் மேல் மட்டும் தப்பில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய ஒன்பது குச்சிக் கட்டுகளைக் காட்டி, "இதுதான் தொண்ணூறு" என்று சொல்லுங்கள்.

திண்ணையில் கேட்ட கணக்கு

இப்போது காலத்தில் பின்னோக்கிப் போகலாம். 1822-ல் சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ, எந்த மாவட்டத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று கணக்கெடுக்கச் சொன்னார். செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் ஐநூறுக்கும் மேற்பட்ட பள்ளிகள் இருந்ததாகப் பதில் போனது.

பெரும்பாலும் அவை திண்ணைப் பள்ளிகள். குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். எண்சுவடி என்ற வாய்ப்பாட்டைத் தினமும் கூட்டமாகச் சொன்னார்கள். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று என்றும் பாடங்கள் இருந்தன. முழு எண் மட்டுமல்ல, கால், அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி என்று பின்னங்களும் உண்டு. முந்திரி என்றதும் பாயசம் ஞாபகம் வருகிறதா? இந்த முந்திரி, ஒன்றை 320 பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு!

அவ்வளவு சின்னப் பங்கு எதற்கு? ஊரில் நெல் அறுவடை ஆனதும் கோயில், தச்சர், கொல்லர், காவல்காரர் என்று பலருக்கும் பங்கு உண்டு. 1767-லிருந்து 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் செங்கல்பட்டுப் பகுதியின் சுமார் இரண்டாயிரம் ஊர்களைக் கணக்கெடுத்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதிய கணக்குகளில் இந்தப் பங்குகள் எல்லாம் பதிவாகியிருந்தன.

ஒரு கலம் என்பது 12 மரக்கால் நெல். கால் கலம் என்றால் 3 மரக்கால். கணக்கு எழுதுபவர் 'கால்' என்பதை 'அரைக்கால்' என்று எழுதிவிட்டால் ஒன்றரை மரக்கால்தான் கிடைக்கும். ஒரு குடும்பத்தின் சோறு பாதியாகிவிடும்! கணக்குத் தெரியாதவரால் அதைத் தட்டிக் கேட்கவும் முடியாது. அன்றைக்குப் பள்ளிக்குப் போன பெண் குழந்தைகள் மிகச் சிலரே. சாதியின் பெயரால் பல பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமே கிடைக்கவில்லை. அதனால்தான் இன்றைய இலக்கில் "ஒவ்வொரு குழந்தைக்கும்" என்ற சொல் ரொம்ப முக்கியம்.

இன்னொன்று. வாய்ப்பாடு மனப்பாடம் செய்வது தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு 'கால்' என்றால் எவ்வளவு நெல் என்று கண்ணால் பார்த்தே தெரியும். பொருள் தெரிந்த மனப்பாடம் வேகம் கொடுக்கும். பொருள் தெரியாத மனப்பாடம் வெறும் பாட்டு!

அரும்பு, மொட்டு, மலர்

2020 மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிகளை மூடினார்கள். தமிழ்நாட்டில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ல்தான். ஒன்றாம் வகுப்பில் வகுப்பறையைப் பார்க்காமலே இரண்டாம் வகுப்புக்கு வந்தவர்கள் ஏராளம். அவர்களிடம் நேராகக் கழித்தல் கணக்கைப் போட்டால் என்ன ஆகும்?

இதற்காகவே தமிழ்நாடு அரசு 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. 2025-க்குள் எட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளும் பிழையின்றிப் படிக்கவும், அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்பது அப்போது வைத்த இலக்கு. இதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். வகுப்பு எது என்பதைவிட, குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து, அங்கிருந்து கைபிடித்து ஏற்றுவதற்கான ஏற்பாடு இது. அரும்பாக இருப்பது அவமானம் இல்லை. அரும்பாமல் எந்தப் பூவும் மலர்ந்ததில்லையே!

நீங்கதான் சட்டாம்பிள்ளை

திண்ணைப் பள்ளியில் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவார்கள். அப்படிச் சொல்லித் தரும் மூத்த மாணவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். 1789-ல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களின் பள்ளியை நடத்த வந்த ஆண்ட்ரூ பெல் என்பவர், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் மணலைக் கொண்டுவந்தார். ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனையே சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக்கினார்! 1797-ல் லண்டனில் இதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

எட்டு வயதுப் பையனால் முடிந்தது உங்களால் முடியாதா? இந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி, தங்கையோடு இதையெல்லாம் விளையாடிப் பாருங்கள்:

* கிளிஞ்சல், புளியங்கொட்டை, குச்சி எது கிடைத்தாலும் சரி. பத்துப் பத்தாகக் குவிக்கச் சொல்லுங்கள். மிச்சம் எத்தனை? மூன்று குவியலும் மிச்சம் ஆறும் இருந்தால் 36.

* "எத்தனை இருக்கும்?" என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு எண்ணிப் பார்க்கட்டும். ஊகம் தப்பினால் பரவாயில்லை. நாளாக நாளாக நெருங்கி வரும்.

* திண்ணையைச் சாணால் அளக்கச் சொல்லுங்கள். நீங்களும் அளங்கள். உங்களுக்கு 12 சாண், தங்கைக்கு 15 சாண் வருகிறதா? "ஏன் வேறுபடுகிறது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் மீட்டரும் ஸ்கேலும் பிறந்தன.

* கடைக்குக் கூட்டிப் போய் 20 ரூபாய் கொடுத்து, மீதிச் சில்லறையை அவர்களையே வாங்கச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. தப்பாகச் சொன்னால் தலையில் குட்டக் கூடாது! "எப்படி எண்ணினாய், காட்டு" என்று கேளுங்கள். காட்டும்போதே பாதிப் பேர் தங்கள் தப்பைத் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆமாம், செஸ் போர்டில் காலிக் கட்டம் எத்தனை என்று கேட்டேனே, சொல்லவே இல்லையே? தம்பியிடம் கேளுங்கள். அவன் சொல்லிவிட்டால், அந்தக் கைதட்டல் உங்களுக்கும் சேர்த்துத்தான், சட்டாம்பிள்ளை!