பட்டமா பெரிது? கணக்கே பெரிது!

மணிமுடிகள் மண்ணுக்குள் போய்விடும். மாளிகைகள் மேடாகிவிடும். ஆனால், முடிதரித்தவனை ஊரார் எந்தச் சொல்லால் அழைத்தனரோ அந்தச் சொல் மட்டும் உயிரோடு உலவிக்கொண்டிருக்கும். ஏறும், இறங்கும், இடம் மாறும், பொருள் மாறும். ஒரு நாட்டு மக்கள் ஆளவந்தார்முன் அடங்கிக் கிடந்தனரா, ஆளவந்தாரை அடக்கி வைத்திருந்தனரா என்று அறிய வேண்டுமா? அரண்மனைப் புலவனைக் கேட்காதீர்கள். அவன் உண்ட சோற்றுக்கு உரியதைத்தான் பாடுவான். சொற்களைக் கேளுங்கள், சொற்கள் சாட்சி சொல்லும்!

கிரேக்க நாட்டுச் சொற்கள் சிலவற்றை இன்று கூண்டிலேற்றிக் கேட்டுப் பார்ப்போம். வனாக்ஸ், பசிலியஸ், ஆர்க்கோன், டிரன்னோஸ், ஸ்ட்ராடெகோஸ் — வாய்க்குள் நுழைய மறுக்கும் பெயர்கள்தாம். நமக்கென்ன இந்த ஆராய்ச்சி, ஆலைச் சங்கு ஊதுமுன் எழுந்து ஓடுகிறவனுக்கு அரிச்சுவடி போதாதா என்று கேட்பாருண்டு. போதாது, தோழர்களே! துடுப்புப் பிடித்தவனும் தோல் பதனிட்டவனும் ஏர் உழுதவனும் ஆட்சியை எப்படி அணுகினர், எப்படிப் பிடித்தனர், எப்படிப் பறிகொடுத்தனர் என்ற கதை இந்தச் சொற்களுக்குள்தான் இருக்கிறது.

களிமண் பலகையிலே

1952-ஆம் ஆண்டில் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற இங்கிலாந்து இளைஞர், எவராலும் படிக்க முடியாதிருந்த ஓர் எழுத்தைப் படித்துக்காட்டினார். பேராசிரியர் அல்லர் அவர். கட்டடம் அமைப்பது அவர் தொழில். கிரீட் தீவின் நாசஸ் நகரிலும், கிரேக்கத்தின் பைலோஸ் நகரிலும் தோண்டியெடுத்த களிமண் பலகைகளில் இருந்த எழுத்து அது. மூவாயிரத்து இருநூறு ஆண்டுப் பழைமை! காதற்கவிதை இருக்கும், கடவுள் துதி இருக்கும் என்று காத்திருந்தோர்க்குக் கிடைத்தது என்ன? கணக்கு! ஆடு இத்தனை, கோதுமை இத்தனை, வெண்கலம் இத்தனை, வேலைக்காரப் பெண்கள் இத்தனை பேர் என்று கணக்குப்பிள்ளையின் ஏடு!

அந்த ஏட்டின் உச்சியிலே நிற்கிறான் வனாக்ஸ், அதாவது பேரரசன். அடுத்து நிற்பவன் லவாகேதாஸ், மக்களை நடத்துபவன். பைலோஸ் பலகை ஒன்றில் இருவர் நிலமும் விதைக்கோதுமை அளவில் குறிக்கப்பட்டிருக்கிறது: வனாக்ஸுக்கு 30 அளவை, லவாகேதாஸுக்கு 10. மூன்றுக்கு ஒன்று! கீழே, வெகு கீழே, வெண்கலக் கொல்லர்களோடு சேர்த்து எழுதப்படுகிறான் இன்னொருவன். அவன் பெயர்தான் பின்னாளில் பசிலியஸ் ஆயிற்று. அன்று அவன் சிற்றூர்த் தலைவன், ஒரு மேஸ்திரி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கி.மு. 1200-ஐ ஒட்டிய காலத்தில் அந்த அரண்மனை எரிந்தது. சுடாத களிமண்ணில் எழுதிய கணக்கு, அந்தத் தீயில் வெந்து செங்கல்லாய் இறுகியது. மாளிகையை அழித்த நெருப்பு கணக்கைக் காப்பாற்றிவிட்டது! அந்தக் கணக்கின் திசையை மட்டும் மனத்தில் வையுங்கள். மக்கள் கொடுத்தனர், மன்னன் எழுதிவைத்தான். கீழிருப்பவன் மேலிருப்பவனுக்குக் கணக்குக் கொடுத்த காலம் அது.

மேஸ்திரி மன்னனானான்

அரண்மனை போயிற்று, வனாக்ஸ் போக்கிடமின்றிக் காவியத்துக்குள்ளும் கோயிலுக்குள்ளும் புகுந்தான். பெருந்தலை சாய்ந்ததும் சிறுதலை நிமிர்ந்தது. ஊர்த்தலைவன் பசிலியஸ் ‘அரசே’ என்று அழைக்கப்பெற்றான். ஓர் ஊருக்கு ஓர் அரசன்கூட அல்ல. ஹோமரின் ஒடிசியிலே பயாக்கியர் நாட்டில் பன்னிரண்டு பசிலியஸ்கள். பதின்மூன்றாமவன் நானே என்கிறான் அல்சினோஸ்!

அந்த அரசர்களின் அவையில் ஏழைக்கு வாய் இருந்ததா? இலியத்தைப் புரட்டுங்கள். தெர்சைட்டஸ் என்றொரு போர்வீரன், அகமெம்னனைப் பார்த்துக் கேட்டுவிட்டான் — கொள்ளையெல்லாம் உன் கூடாரத்தில், சாவதற்கு மட்டும் நாங்களா என்ற பொருளில். என்ன பதில் கிடைத்தது? செங்கோலால் முதுகில் அடி! ஒடிசியஸ் அடித்தான், ஊர் சிரித்தது. காவியம் அவனைக் கூனன் என்றது, குரூபி என்றது. கேள்வி கேட்டவன் அழகாயிருந்ததாக அரண்மனைக் காவியம் என்றைக்குச் சொல்லியிருக்கிறது? ஏறக்குறைய கி.மு. 700-ல் அஸ்க்ரா என்ற சிற்றூரில் ஏர் பிடித்த ஹீசியோட் என்ற உழவன், பசிலியஸ்கள் கையூட்டுத் தின்று கோணல் தீர்ப்புக் கூறுகின்றனர் என்று பாட்டிலேயே குமுறினான். செங்கோல் என்பது பெயரளவில்தான். ஏழை கண்டது கோணற்கோல்!

அரசனைக் கூறுபோட்ட ஊர்

ஏதென்ஸ் நகரத்தார் ஒரு வேலை செய்தனர். அரசனின் தலையை வெட்டவில்லை. அவன் அதிகாரத்தை வெட்டினர். ஆட்சியை ‘ஆர்க்கோன்’ என்பாரிடம் ஒப்படைத்தனர். ஆர்க்கோன் என்றால் ஆள்பவன், அவ்வளவே. கி.மு. 683-ஐ ஒட்டி அந்தப் பதவி ஓராண்டுப் பதவியாயிற்று. ஆண்டு முடிந்தால் ஆள்பவனும் ஆளப்படுபவனே!

மொத்தம் ஒன்பது பேர். ஒருவர் பெயரால் ஆண்டு வழங்கும். ஒருவர் போலெமார்க்கோஸ், போர்த்தலைவர். அறுவர் நீதிமுறை காப்போர். மிச்சம் இருந்தவருக்குப் பெயர் என்ன தெரியுமா? பசிலியஸ்! ஆம், அரசன்! அந்தப் பட்டத்தை அழிக்கவில்லை ஏதென்ஸ். பூசையைப் பார்த்துக்கொள், கொலை வழக்கை விசாரணைக்கு ஏற்றுக்கொள், ஓராண்டு முடிந்ததும் வீட்டுக்குப் போ என்றது. கி.மு. 399-ல் சாக்ரடீஸ் மீதான குற்றச்சாட்டு முதலில் அந்த ‘அரசன்’ மண்டபத்துக்குத்தான் வந்தது. 1970-ல் அகழ்ந்தெடுத்தனர் அந்த மண்டபத்தை. பெயருக்குத்தான் அரசன் மண்டபம், அளவோ சிறிது! பதவி ஏற்போர் ஏறி நின்று உறுதிமொழி கூறிய கல்லும் அங்கே கிடைத்தது. என்ன உறுதி? கையூட்டு வாங்கினால் பொன்னால் ஒரு சிலை செய்து வைப்பேன் என்ற உறுதி! அந்தச் சட்டம் உலகெங்கும் வந்தால் பொன்னுக்கல்லவா பஞ்சம் வந்துவிடும்!

இடையிலே வந்தவன் டிரன்னோஸ். இது கிரேக்கச் சொல்லே அன்று; கிழக்கேயிருந்து வந்த இரவல் சொல். முதலில் அதற்குக் கொடுங்கோலன் என்ற பொருளும் இல்லை. முறையாக வராமல் தனியாட்சி பிடித்தவன் என்பதே பொருள். ஏதென்ஸில் பெய்சிஸ்ட்ராடஸ் பிடித்தான். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டான், எதிரிகள் என்னைக் கொல்லப் பார்த்தனர் என்று ஊர்நடுவே வந்து ஓலமிட்டான், காவலுக்குத் தடியர்களைக் கேட்டான். மக்கள் மனமிரங்கித் தந்தனர். அந்தத் தடிகளைக் கொண்டே கோட்டையைப் பிடித்தான்! பிடித்தவன் சட்டத்தைக் கிழித்தானா? இல்லை. ஆர்க்கோன் பதவியை ஒழித்தானா? இல்லை. எல்லாம் இருந்தன, பதவியில் தன் ஆட்கள் இருக்கும்படி பார்த்துக்கொண்டான், அவ்வளவுதான். பெட்டியைத் திருடவில்லை, பெட்டிக்குள் இருந்ததைத் திருடினான். அவன் மகன் ஹிப்பியாஸைக் கி.மு. 510-ல் விரட்டிய பிறகுதான் மக்கள் மூச்சுவிட்டனர்.

கை தூக்கிய தளபதிகள்

பட்டுத் தெளிந்தவர்கள் பதவிகளைப் புதிதாய் வகுத்தனர். கி.மு. 501 முதல் ஆண்டுதோறும் பத்து ஸ்ட்ராடெகோஸ்களைத் தேர்ந்தெடுத்தனர். ஸ்ட்ராடெகோஸ் என்றால் படை நடத்துபவன், தளபதி. கி.மு. 490-ல் மாரத்தான் களத்தில் பாரசீகப் படை எதிரே நிற்க, பத்துத் தளபதிகளும் ஐந்து ஐந்தாய்ப் பிரிந்து வாதிட, போலெமார்க்கோஸ் கல்லிமாக்கஸ் தந்த ஒரு வாக்கால் போர் முடிவாயிற்று என்கிறார் ஹெரோடட்டஸ். கல்லிமாக்கஸ் களத்திலேயே மாண்டார், ஏதென்ஸ் வென்றது. மூன்றாண்டு கழித்து ஆர்க்கோன் பதவிக்குச் சீட்டுக் குலுக்கிப் போடும் முறை வந்தது. தளபதிக்கு மட்டும் குலுக்கல் இல்லை. மக்கள் கூடிக் கை தூக்கித் தேர்ந்தெடுத்தனர். வழக்கைக் கேட்க எந்தக் குடிமகனாலும் முடியும். போர்க்கப்பலை நடத்தத் திறமை வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தனர்!

அந்தக் கப்பலில் துடுப்புப் போட்டவர் யார்? ஒரு கப்பலுக்கு 170 பேர்; பெரும்பாலோர் நிலமில்லா ஏழைகள். ஊரைக் காப்பது அவர்கள் கை என்றால், ஊர்மன்றத்தில் உயர்வதும் அவர்கள் கைதானே! இந்த ஆட்சியைப் பிடிக்காத ஒரு செல்வச் சீமான் எழுதிய சிறுநூலொன்று இன்றும் இருக்கிறது. கப்பலை ஓட்டுபவன் ஏழையாதலால் அவனுக்கு உரிமை மிகுந்திருப்பதில் நியாயம் உண்டு என்று, வெறுத்துக்கொண்டே அவனும் ஒப்புகிறான். வழக்கு மன்றத்தில் அமர்ந்தால் கூலியிழக்கும் ஏழைக்கு நாள் ஒன்றுக்கு 2 ஓபல் படி தந்தார் பெரிகிளிஸ். பிறகு அது 3 ஓபல் ஆயிற்று.

இனித்தான் நாம் சொல்ல வந்த செய்தி. பதவி ஏற்குமுன் ஒன்பது ஆர்க்கோன்களையும் நிறுத்திக் கேட்டனர்: பெற்றோரைப் பேணினாயா? வரி கட்டினாயா? போருக்குப் போனாயா? பதவியில் இருக்கையில் ஆண்டுக்குப் பத்து முறை, இவர்கள் ஒழுங்காக நடக்கின்றனரா என்று மன்றம் வாக்கெடுத்தது. பதவி முடிந்ததும் வந்தது ‘எவ்தினா’. சொல்லுக்கு நேர்ப்பொருள் நிமிர்த்துதல், வளைந்ததை நேராக்குதல். 30 நாளுக்குள் வரவு செலவைத் தணிக்கையாளர் முன் வைக்க வேண்டும். பிறகு மூன்று நாள், சந்தை கூடும் வேளையில், விசாரிப்போர் சந்தைத் திடலில் வந்து அமர்வர். எந்தக் குடிமகனும் வெள்ளைப் பலகையில் தன் பெயர், குற்றவாளியின் பெயர், செய்த குற்றம், போடவேண்டிய தண்டம் எழுதி நீட்டலாம். கணக்கு முடியும்வரை அந்தப் பெரிய மனிதர் ஊரைவிட்டு வெளியேறக் கூடாது. சொத்தைக் கைமாற்றக் கூடாது!

பார்த்தீர்களா, கணக்கின் திசை திரும்பிவிட்டது! பைலோஸ் பலகையில் மக்கள் மன்னனுக்குக் கணக்குக் கொடுத்தனர். ஏதென்ஸ் பலகையில் மன்னவர் மக்களுக்குக் கணக்குக் கொடுத்தனர்!

மாரத்தான் வீரர் மில்டியாடஸ், மறு படையெடுப்பில் தோற்றுத் திரும்பியதும் 50 டாலன்ட் தண்டம் போட்டனர். பதினைந்து ஆண்டு தொடர்ந்து தளபதியாயிருந்த பெரிகிளிஸையும் கி.மு. 430-ல் பதவியிறக்கித் தண்டம் விதித்தனர். விரைவிலேயே மீண்டும் தேர்ந்தெடுத்தனர். அவரும் சரி, படையைக் கொண்டு ஊரைப் பிடிக்கவில்லை, வழக்கைச் சந்தித்தார்.

குறையையும் கூறுவோம்

எல்லாம் பொன்னா? இல்லை. கி.மு. 406-ல் அர்கினூசே கடற்போரில் வென்று வந்த தளபதிகள் மீது, மூழ்கியோரைக் காக்கவில்லை என்று பழி. புயல் தடுத்தது என்றனர், மன்றம் கேட்கவில்லை. தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்ற முறையை மீறி, மொத்தமாக ஒரே வாக்கில் அறுவரைக் கொன்றது. பிறகு அழுதது! கணக்குக் கேட்பது வேறு, காவு கேட்பது வேறு. முறை தவறிய கேள்வி, கேட்கும் உரிமைக்கே கேடு.

கை தூக்கியவர் யார் என்றும் கேட்போம். பெண்ணுக்குக் கையில்லை. குடியேறிய தொழிலாளிக்குக் கையில்லை. லாரியம் வெள்ளிச் சுரங்கத்தில் அடிமைகள் வெட்டிய வெள்ளியால் செழித்த ஊர் அது. ஸ்பார்ட்டாவிலும் அப்படியே. இரண்டு அரசர்களைக் கண்காணிக்க ஆண்டுக்கு ஐந்து ‘எபோர்’களைத் தேர்ந்தெடுத்தனர், அரசன் வந்தாலும் அவர்கள் இருக்கையைவிட்டு எழுவதில்லை! சட்டப்படி ஆள்வேன் என்று மாதந்தோறும் அரசன் அவர்களிடம் உறுதி கூறவேண்டும். அருமைதான்! ஆனால் அதே எபோர்கள்தாம் நிலத்தில் உழைத்த ஹெலட் மக்கள் மீது ஆண்டுதோறும் போர் அறிவித்தனர். உழைப்பவனைக் கணக்கில் சேர்க்காத கணக்கு, பாதிக் கணக்கு!

அந்தப் பாதிக் கணக்கும் நிலைத்ததா? சிசிலியின் சிரக்யூஸ் நகரில் கி.மு. 405-ல் டயோனிசியஸ் என்பவனை முழு அதிகாரத் தளபதியாக்கினர், ஆபத்துக் காலம் என்று. ஆபத்து போயிற்று, அவன் போகவில்லை. 38 ஆண்டு ஆண்டான்! கி.மு. 306-ல் அலெக்சாந்தரின் தளபதி ஆன்டிகோனஸும் மகனும் பசிலியஸ் பட்டம் சூட்டிக்கொண்டனர். மற்றத் தளபதிகளும் சூடினர். தாலமியின் எகிப்தில் ஸ்ட்ராடெகோஸ் என்பவன் அரசன் அனுப்பிய மாவட்ட அதிகாரி. பெயர் அதேதான். கை தூக்க ஆள் இல்லை, கணக்குக் கேட்கப் பலகை இல்லை!

பசிலியஸ் பட்டம் கான்ஸ்டான்டினோபிள் பேரரசரோடு 1453 வரை வாழ்ந்தது. புதிய கிரேக்கத்தில் மீண்டும் வந்த முடியாட்சியை, 1974 டிசம்பர் 8-ல் நூற்றுக்கு ஏறக்குறைய 69 பேர் வாக்களித்து வேண்டாம் என்றனர். அரசன் போய்விட்டான். ஆனால் சந்தைத் திடலில் பிறந்த ‘எவ்தினா’ போகவில்லை! இன்றைய கிரேக்க மொழியில் ‘எஃப்தினி’ என்று அது வழங்குகிறது. பொருள் என்ன? பொறுப்பு! கணக்குக் கேட்ட சொல்லே பொறுப்பைக் குறிக்கும் சொல்லாயிற்று.

ஆகவே தோழர்களே, தலைவர் என்று அழையுங்கள், தளபதி என்று அழையுங்கள்; மாலை போடுங்கள், மகிழுங்கள். தவறில்லை. ஆனால் வாழ்த்திய வாய் கேட்கவும் பழகட்டும். தட்டிய கை பலகையைப் பிடிக்கவும் பழகட்டும். பட்டம் எவனும் சூட்டிக்கொள்ளலாம். கணக்குக் கொடுப்பவனே தலைவன், கேட்பவனே குடிமகன்!