வில்லியம் ஹோல்டனின் நடிப்புக் கலை

ஹொலிவூட் படநிறுவனங்கள் தம் முழு வலிமையுடன் விளங்கிய காலத்திலே, தலைமை நடிகருக்கு முதற் றகுதியாக வேண்டப்பட்டது முகப்பொலிவே. அப்பொலிவு ஒருவனை விரைவில் உயர்த்தும். உயர்த்திய இடத்திலேயே கட்டியும் வைக்கும். ஒரே வகைக் காதலனாக, ஒரே வகை வீரனாகத் தோன்றி, இளமை நீங்கியதும் மறக்கப்பட்டோர் பலர். அக்கட்டினின்றும் விடுபட்டு, நாற்பதாண்டுக் காலம் பலதிறப்பட்ட மாந்தரைத் திரையிற் படைத்தவர் வில்லியம் ஹோல்டன். அவர் ஒப்பனையால் தம்மை மறைத்தவரல்லர். குரலையும் நடையையும் பெரிதும் மாற்றியவருமல்லர். அங்ஙனமாயின், அவர் நடிப்பிற் காணப்படும் பன்மை எதனின்று பிறந்தது? அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஹோல்டன் 1918ஆம் ஆண்டு ஏப்பிரல் 17ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திற் பிறந்தார். இயற்பெயர் வில்லியம் பிராங்ளின் பீடில். இளமையிலேயே குடும்பத்துடன் கலிபோர்னியாவிற் குடியேறினார். 1939இல் 'கோல்டன் போய்' என்னும் படம் அவரைக் கதாநாயகராக்கியது. வயலின் இசையில் வல்ல இளைஞன் ஒருவன், பணத்தையும் புகழையும் நாடிக் குத்துச்சண்டை வீரனாகும் கதை அது. அனுபவமற்ற புது நடிகரை நீக்கிவிடத் தயாரிப்பாளர் எண்ணியபோது, உடன் நடித்த பார்பரா ஸ்ரான்விக் அவருக்காகப் பரிந்து பேசியதோடு பயிற்சியும் அளித்தார். தன் கலையைத் தானே விலைப்படுத்தும் மனிதன் என்னும் கருத்து அம்முதற் கதையிலேயே அமைந்திருந்தது. எனினும், அடுத்த பத்தாண்டுகளில் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் நற்குணமுள்ள இளைஞன் வேடங்களே. இடையில் இரண்டாம் உலகப் போரின்போது விமானப்படையிற் பணிபுரிந்து, பயிற்சித் திரைப்படங்களில் நடித்தார்.

திருப்பம் 1950இல் வந்தது. பில்லி வைல்டர் நெறிப்படுத்திய 'சன்செற் பூலவார்ட்' படத்தில், மொன்ற்கொமரி கிளிவ்ற் ஏற்க மறுத்த வேடம் ஹோல்டனுக்குக் கிடைத்தது. கடன்பட்டு நொடித்த திரைக்கதை எழுத்தாளன் ஒருவன், மௌனப்படக் காலத்து மூதாட்டி நடிகை ஒருத்தியின் மாளிகையில் தஞ்சம் புகுந்து, அவள் பணத்தில் வாழ்பவனாகின்றான். நீச்சற் குளத்திற் பிணமாய் மிதப்பவனே தன் கதையைக் கூறுவதாகப் படம் அமைந்தது. அதில் ஒரு காட்சி: நடிகை அவனுக்கு உடை வாங்கக் கடைக்கு அழைத்துச் செல்கிறாள். பணம் கொடுப்பவர் அம்மையாராயின் விலையுயர்ந்ததையே எடுத்துக்கொள்ளலாமே என்று கடைச் சிப்பந்தி அவன் காதருகே கூறுகிறான். ஹோல்டன் மறுமொழி எதுவும் கூறவில்லை. அழகிய அம்முகம் ஒரு கணம் இறுகுகிறது, அவ்வளவே. தான் விற்கப்பட்டுவிட்டதை அவன் அறிந்துகொண்டான் என்பதை நாம் அறிகிறோம்.

தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளுள் இளிவரலும் ஒன்று. தன்னைத் தான் தாழ்வாக உணரும் அந்நிலையைக் கதாநாயகனுக்குரியதாக ஹொலிவூட் எளிதில் ஏற்பதில்லை. பெருமிதமும் உவகையுமே நாயகன் முகத்திற்கு உரியன எனக் கருதப்பட்டன. நாயகனுக்குரிய முகத்தில் இளிவரலை எழுதிக் காட்டியதே ஹோல்டனின் தனிச்சிறப்பு. அவருடைய சிறந்த வேடங்கள் யாவும் இவ்வொரு மெய்ப்பாட்டின் வெவ்வேறு நிலைகளே எனலாம்.

1953இல் வெளிவந்த 'ஸ்டாலக் 17' இதற்குச் சான்று. ஜேர்மனியரின் சிறைமுகாமில் உடன் கைதிகளுக்கும் காவலருக்கும் பண்டம் விற்று வாழும் செவ்ற்றன் என்னும் சிப்பாயை எவரும் விரும்புவதில்லை. உளவாளி அவனே என ஐயுற்று நையப் புடைக்கின்றனர். உண்மை உளவாளியை அவனே கண்டுபிடிக்கின்றான். ஆபத்தான தப்பியோட்டத்திற்கும் முன்வருகின்றான். ஆயினும், அதற்குக் காரணமாக அவன் கூறுவது நாட்டுப்பற்றன்று. காப்பாற்றப்படும் அதிகாரியின் செல்வக் குடும்பம் தரக்கூடிய பரிசையே கூறுகிறான். பார்வையாளரின் அன்பை இரந்து பெற முயலாத இந்நடிப்புக்கே ஒஸ்கார் பரிசு கிடைத்தது.

அவ்வாண்டுகளில் அவர் ஏற்ற பிற வேடங்களும் பலவகையின. 'போர்ன் யெஸ்ரர்டே'யிற் பொறுமைமிக்க பத்திரிகையாளர். 'எக்செக்கியூற்றிவ் சூற்'றில் தளபாட வடிவமைப்பாளர். 'சப்ரினா'வில் உல்லாசச் செல்வர். 'பிக்னிக்'கில், முப்பத்தேழு வயதளவில், ஊர் ஊராய்த் திரியும் இளைஞன்.

1957இல் வெளியான 'த பிரிட்ஜ் ஒன் த றிவர் குவாய்' நம் நாட்டவர்க்கு நெருக்கமானது. டேவிட் லீன் அதனை இலங்கையிலேயே படமாக்கினார். கித்துல்கலையில் களனி கங்கைக்குக் குறுக்கே கட்டப்பட்ட மரப்பாலமே கதையின் இறுதியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஹோல்டன் ஏற்ற சியேர்ஸ், நல்ல உபசாரம் பெறும்பொருட்டு அதிகாரியெனப் பொய்யுரைத்த சாதாரணக் கடற்படையாள். சிறைமுகாமினின்று தப்பிக் கல்கிசை மருத்துவமனையில் இன்பமாய் இருக்கையில் அவனது பொய் வெளிப்படுகின்றது. வேறு வழியின்றி மீண்டும் காட்டுக்குச் செல்கின்றான். அலெக் கின்னஸின் கேணல் நிக்கல்சன் கடமையென்னும் பெயரால் அறிவிழக்கின்றார். கடமையை எள்ளிய சியேர்ஸோ இறுதியில் அதற்காக உயிரிழக்கின்றான். இம்முரணே படத்தின் முதுகெலும்பு. அதன் குறையொன்றையும் கூறுதல் கடன். மெய்யான சயாம்–பர்மா இருப்புப்பாதையில் மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மாண்டனர். அவர்களுக்கு இக்கதையில் இடமில்லை.

1960களில் அவர் புகழ் தளர்ந்தது. குடிப்பழக்கம் உடலை வாட்டியது. கென்யாவில் வனவிலங்குப் பாதுகாப்பில் ஈடுபட்டுப் பெரும்பொழுதைக் கழித்தார். முகத்தில் கோடுகள் ஆழ்ந்தன. பிறருக்கு முடிவாகத் தோன்றும் அதுவே அவருக்குப் புதிய தொடக்கமாயிற்று. மூப்பும் இளிவரல் பிறக்கும் களங்களுள் ஒன்றன்றோ? சாம் பெக்கின்பாவின் 'த வைல்ட் பஞ்ச்' (1969) படத்தில், காலம் கடந்துவிட்டதை உணர்ந்த கொள்ளைக் கூட்டத் தலைவனாக வந்தார். கைவிட்ட தோழனை மீட்க, சாவது உறுதியென அறிந்தும் நால்வராய் நடந்து செல்லும் காட்சியில் இளிவரல் தறுகண்மையாக மாறுகின்றது. 'நெற்வேர்க்' (1976) படத்தில், இலாபவெறி கொண்ட தொலைக்காட்சி நிலையத்தில் மனச்சான்றை முற்றிலும் இழக்காத செய்திப் பொறுப்பாளர். ஆயினும் மனைவிக்கு அவர் இழைப்பது துரோகமே. அதனை மனைவியின் முன்னிலையில் ஒப்புக்கொள்ளும்போது தம்மைச் சிறிதும் காத்துக்கொள்ளாமல் நிற்கின்றார்.

1981 நவம்பரில் ஹோல்டன் காலமானார். 1982இல் சிறப்பு ஒஸ்கார் விருது பெற்ற பார்பரா ஸ்ரான்விக், மேடையிலே அவரை அன்புடன் நினைவு கூர்ந்தார்.

பலவகை வேடம் புனைவது மட்டுமே நடிப்பின் விரிவன்று. தன்னை இழந்தவன், இழந்ததை அறிபவன், அறிந்தபின் எழுபவன், எழ இயலாதவன் என ஒரே மனிதனுள் உறையும் பல நிலைகளை ஒரே முகத்தாற் புலப்படுத்துவதும் விரிவே. அழகு தந்த வாய்ப்பை உண்மைக்குக் கருவியாக்கிய ஹோல்டனின் படங்கள், நடிப்பைப் பயில்வோர் மீண்டும் மீண்டும் காணத்தக்கன.