பாட்டிலுக்குள் பூதம்!

பூதம் பிடிக்கப் போகிறவர் கையில் என்ன இருக்கும்? நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழக மரபணு விஞ்ஞானி நீல் கெமல் 2018 ஜூனில் ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரிக்கு எடுத்துப் போனது தண்ணீர் பிடிக்கும் பாட்டில்களை! 37 கிலோமீட்டர் நீளம், சுமார் 230 மீட்டர் ஆழம் உள்ள ஏரியிலிருந்து 250 பாட்டில். ஏரியில் இருப்பதாகச் சொல்லப்படும் பூதமான ‘நெஸ்ஸி’ நிஜமாகவே உள்ளே இருந்தால் மாட்டியே தீரும் என்பது திட்டம்.

மனிதர் தண்ணீருக்குள் நடக்கும் கூத்துகளில் ஊறியவர். கரீபியன் கடலில் நீலத்தலை ராஸ் என்றொரு மீன். கூட்டத்துத் தலைவன் காணாமல் போனால், இருப்பதிலேயே பெரிய பெண் மீன் சில மணி நேரத்தில் ஆண்போல மிரட்ட ஆரம்பித்துவிடும். எட்டுப் பத்து நாளில் சூற்பை இருந்த இடத்தில் விந்தகம்! அந்த நாட்களில் எந்த மரபணு அணைகிறது, எது எரிகிறது என்பதை கெமலின் குழு 2019-ல் வெளியிட்டது. (மெகா சீரியல்காரர்கள் கண்ணில் இது படாமல் இருக்கட்டும்.)

சரி, லேபுக்குள் எட்டிப் பார்ப்போம். நெஸ் தண்ணீர் சதுப்பு மண் கரைந்து டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். அதை மிக நுண்ணிய வடிகட்டியில் விடுகிறார்கள். அடியில் தங்குவது ஒரு பழுப்புக் கறை. புதையலே அதுதான்! செதில், சளி, கழிவு என்று ஏரியில் வாழ்பவை உதிர்த்ததெல்லாம் அதில் ஒட்டியிருக்கும். டி.என்.ஏ-வைப் பிரித்து, பிசிஆரில் பெருக்கி (கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டார்களே, அதே பிசிஆர்!), எழுத்து எழுத்தாகப் படித்து, தெரிந்த உயிர்களின் பட்டியலோடு ஒப்பிடுகிறார்கள். கையுறை இல்லாமல் தொட்டால் விஞ்ஞானியே ஏரிவாசி ஆகிவிடுவார்!

2019 செப்டம்பரில் முடிவு வந்தது. சுமார் 50 கோடி டி.என்.ஏ துண்டுகள். மனிதன், நாய், ஆடு, மாடு, மான்... கரையில் நடமாடுபவை எல்லாம் ஆஜர். ஊர்வன இனத்தின் டி.என்.ஏ ஒரு துளிகூட இல்லை. ஆகவே நெஸ்ஸி டைனோசர் காலத்து ஊர்வன என்ற கதை அவுட்! ஆனால் மாதிரி எடுத்த இடத்தில் எல்லாம் விலாங்கு, அதுவும் ஏராளமாக. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவதாக நாம் திட்டுவோமே, அதே விலாங்கு. இத்தனை நாள் சுற்றுலாப் பயணிகளுக்கு எதைக் காட்டியதோ!

ராட்சத விலாங்காக இருக்குமோ என்று நிருபர்கள் கேட்க, இல்லை என்று கெமலால் அடித்துச் சொல்ல முடியவில்லை. டி.என்.ஏ-வில் இனம் தெரியும், நீளம் தெரியாது.